இடி மழைக்குப் பிறகு வெளி லைட் எரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்போம்

மார்ச் கடைசியில், பிற்பகல் 2 மணிக்குப் பின் இடியுடன் மழை பெய்யலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கத் தொடங்கினால், மறுநாள் விடியும்போதே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அண்ணே, கொழுந்து நிறுக்கிற மடுவத்து லைட் போயிருச்சு." "தம்பி, கோபுரத்து லைட் நாலும் எரியல, நாளன்னைக்குத் தேர்." இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா வரை, மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் இதே பாடுதான். பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் சரியாக இடி மாதங்களில் வந்து விழுவதால் கோயில்காரர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள்.

ஒரே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. லைட் செத்தால் லைட்டை மாற்றுகிறோம், சேர்ஜ் அரெஸ்டர் (இடியால் லைனில் வரும் திடீர் வோல்ட் அடியை எர்த்துக்குத் திருப்பிவிடும் காவல் கருவி) செத்தால் அரெஸ்டரை மாற்றுகிறோம், எர்த் கம்பியை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத சோதனையில் தொடங்கி, காசு போகும் வேலைக்குப் போயிருக்கிறேன். எங்கே கையை எடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அங்கங்கே எழுதியிருக்கிறேன்.

## தொடும் முன்

கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் போகும்வரை எதையும் தொட வேண்டாம். இரும்பு ஏணி வேண்டாம். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏற வேண்டாம், மெயினை அணையுங்கள். ஸ்டோரிலும் (தேயிலைத் தொழிற்சாலை) மடுவத்திலும் பத்துப் பேர் நடமாடுவார்கள், "யாருடா அணைச்சது?" என்று ஒருவர் போட்டுவிட்டால் மேலே இருப்பவர் கதி என்ன? போர்ட்டுப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு ஏறுங்கள்.

கரண்ட் இருக்கும்போது மல்டிமீட்டர் வைத்துப் பழக்கமில்லாதவர்கள், கண்ணால் பார்ப்பதும் பிரேக்கரை ஏற்றி இறக்குவதும் மட்டும் செய்யுங்கள். அதிலேயே பாதிப் பிழை தெரிந்துவிடும்.

## அறிகுறி 1: இடித்ததும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து எல்லாமே இருட்டு

முதலில் எல்லா பிரேக்கரையும் இறக்கிவிட்டு ட்ரிப் சுவிட்சை (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே விழுவது) மட்டும் தூக்குங்கள்.

தூக்கியதும் நிற்கிறது, பிரேக்கர்களைப் போட்டாலும் நிற்கிறது. தப்பித்தீர்கள். லைனில் வந்த அடி அரெஸ்டர் வழியாகவோ, எல்.ஈ.டி. லைட்டுக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் ட்ரைவர் வழியாகவோ மண்ணுக்குப் போயிருக்கிறது, போன வேகத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறது. அரெஸ்டரின் பச்சை அடையாளம் இன்னும் பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு பிரேக்கரைப் போட்டதும் விழுகிறது. அந்த லைனில்தான் பிழை. அந்த லைனின் லைட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் இதற்கு முதல் காரணம் தண்ணீர். மூடுபனியும் சாரலும் விடாத ஊரில் ஜங்ஷன் பொக்ஸுக்குள் ஈரம் ஏறாமல் இருப்பதுதான் அதிசயம். பொக்ஸின் வயர் நுழையும் வாய் மேலே பார்த்து இருக்கிறதா? அந்த வாயில் வயரை இறுக்கும் கிளாண்ட் இறுக்கமாக இருக்கிறதா? உள்ளே எறும்பு கூடு கட்டியிருக்கிறதா? துடைத்து, காயவைத்து, வாய் கீழே பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். வயரை பொக்ஸுக்குள் விடும் முன் ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினால், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிப் போய்விடும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஈரம் இல்லை, இருந்தும் விழுகிறது என்றால் கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்க வேண்டும். இது 500 வோல்ட் போடும் மெகர் வேலை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவரிடம் ஒன்றை நினைவூட்டுங்கள்: மெகர் வைக்கும் முன் லைட்டுகளையும் அரெஸ்டரையும் கழற்ற வேண்டும். கழற்றாமல் வைத்தால் அரெஸ்டரே 500 வோல்ட்டைக் கடத்தி, நல்ல கேபிளைக் கெட்டதாகக் காட்டும், ட்ரைவரும் பழுதாகலாம். நல்ல கேபிள் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும்.

இடியே இல்லாத நாளிலும் எல்லா லைட்டையும் போட்டால் விழுகிறது, பாதி போட்டால் நிற்கிறது. இதில் கெட்டுப்போன பொருள் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு எல்.ஈ.டி. ட்ரைவரும் அரை மில்லி ஆம்பியர், ஒரு மில்லி ஆம்பியர் என்று எர்த்துக்குக் கசியவிடும். அதன் அமைப்பே அப்படி. 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றில் எப்போதும் ஓடும் கசிவு 9 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பெரட்டுக்களம் (காலையில் ஆட்கள் கூடும் இடம்), முற்றம், கொழுந்து வாட்டும் மாடி என்று 25 ப்ளட் லைட்டை ஒரே ட்ரிப் சுவிட்சில் கட்டியிருந்தால், சின்ன இடி போதும், சில நாள் அதுவும் வேண்டாம். வெளி லைட்டுகளுக்கென்று தனி ட்ரிப் சுவிட்ச் போட்டு லைன்களைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

விழுகிறதே என்று ட்ரிப் சுவிட்சை விலக்கி நேரடியாக இணைத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய ஒருபோதும் விடாதீர்கள். ஈரமான இரும்புக் கம்பத்தைப் பிள்ளைகள் பிடித்து விளையாடும் இடம் அது.

## அறிகுறி 2: ஒரே ஒரு லைட் மட்டும் செத்துவிட்டது

அந்த லைட் வரைக்கும் 230 வோல்ட் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. வரவில்லை என்றால் இணைப்பு எங்கோ விட்டிருக்கிறது. கனெக்டர் கருகியிருக்கும், அல்லது லைட்டுக்கு முன்னால் இருக்கும் சின்ன அரெஸ்டர் தன்னைத் துண்டித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சின்ன அரெஸ்டரில் இரண்டு வகை உண்டு. கரண்ட் அதன் வழியாகவே லைட்டுக்குப் போகும் வகை செத்தால், லைட்டும் சேர்ந்து அணையும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வகை செத்தால் லைட் எரிந்துகொண்டே இருக்கும், காவல் மட்டும் போயிருக்கும். கம்பம் ஏறுவது கஷ்டமான இடத்தில் நான் முதல் வகையைத்தான் மாட்டுவேன். லைட் அணைந்தால் காவல் போயிற்று என்று தரையிலிருந்தே தெரிந்துவிடும். புதிய லைட் வாங்க ஓடும் முன் அந்த அரெஸ்டரை மாற்றிப் பாருங்கள். லைட்டின் விலையில் சிறு பங்குதான் அது.

கரண்ட் வருகிறது, லைட் எரியவில்லை என்றால் மெயினை அணைத்து லைட்டைக் கீழே இறக்கிப் பின்பக்கத்தைத் திறவுங்கள்.

உள்ளே தனி ட்ரைவர் பெட்டி இருக்கிறது. கருகிய வாசனை வருகிறதா, நீல நிறத்தில் நாணயம் போன்ற சின்ன வட்டு (வேரிஸ்டர்) வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ட்ரைவரை மட்டும் மாற்றினால் போதும். மாற்றும்போது வாட்ஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பழைய ட்ரைவரில் வெளியே வரும் மில்லி ஆம்பியரும் வோல்ட் வரம்பும் எழுதியிருக்கும். 1500 மில்லி ஆம்பியர், 24 முதல் 36 வோல்ட் என்றால் புதியதும் அதுவேயாக இருக்க வேண்டும். அதிக மில்லி ஆம்பியர் ட்ரைவர் பிரகாசமாகத்தான் எரியும், சில மாதத்தில் பல்பு முழுக்கக் கருகும்.

தனி ட்ரைவர் இல்லை, பல்புத் தட்டிலேயே சின்னச் சின்ன ஐ.சி. ஒட்டியிருக்கிறது. மலிவு ப்ளட் லைட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான். லைனில் வரும் அடி நேராகப் பல்புத் தட்டுக்கே போகும். இதைப் பழுது பார்க்கும் கூலிக்குப் புதியதே வாங்கலாம். நம் மலைக்கு இந்த வகையே வேண்டாம் என்பது என் முடிவு. வாங்கும்போது பெட்டியில் எத்தனை கிலோவோல்ட் சேர்ஜ் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். தெரு விளக்குத் தரத்து லைட்டுகளில் 10 கிலோவோல்ட் என்று இருக்கும். ஒன்றுமே எழுதாத லைட்டைத் திறந்த வெளியில் மாட்டாதீர்கள்.

## அறிகுறி 3: விட்டு விட்டு எரிகிறது

இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு தடவை எரிந்து அணைகிறது. ட்ரைவர் தொடங்கப் பார்த்து, தவறு கண்டு, தன்னை நிறுத்தி, மறுபடி தொடங்குகிறது. பல்புத் தட்டுக்குப் போகும் இணைப்பு விட்டிருக்கலாம், இல்லாவிட்டால் ட்ரைவரே போன இடியில் அரைகுறையாக அடிபட்டிருக்கலாம். நல்ல லைட்டின் ட்ரைவரை மாற்றிப் போட்டால் எது என்று தெரிந்துவிடும்.

மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் துடிக்கிறது. லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஹீட்டரும் ரைஸ் குக்கரும் ஓடும் நேரம். நீண்ட லைனின் கடைசியில் வோல்ட் இறங்குகிறது. நமக்கு வரவேண்டியது 230 வோல்ட், 6 சதவீதம் கூடக்குறைய. அதாவது 216 முதல் 244 வரை. அதற்கு வெளியே போனால் மின்சார சபைக்கு அறிவியுங்கள்.

எல்லா லைட்டும் சேர்ந்து துடிக்கிறது. போர்ட்டில் நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. இதை ஒத்திப்போடாதீர்கள், அறிகுறி 7 இப்படித்தான் தொடங்கும்.

## அறிகுறி 4: அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது

பெரிய கோளாறு இல்லை என்று பலரும் விட்டுவிடுவார்கள். எனக்கு இது முக்கியமான அறிகுறி. சுவிட்ச் லைவ் வயரை வெட்டாமல் நியூட்ரலை வெட்டுகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். அணைத்த பிறகும் லைவ், லைட் வரைக்கும் போய் நிற்கிறது. ஏறுகிற ஆளுக்கும் ஆபத்து, இரவு முழுக்க "அணைத்து" வைத்த லைட்டையும் இடி தேடிப் பிடிக்கும். சுவிட்சில் லைவ் வயரை மாற்றிக் கட்டுங்கள். வெளி லைட்டுகளுக்கு லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் இரட்டை பிரேக்கர் போட்டால் இன்னும் நல்லது.

வயரிங் சரியாக இருந்தும் மங்கல் தெரிந்தால், சுவிட்சில் சின்ன நியோன் விளக்கு இருக்கிறதா பாருங்கள், அதன் கசிவாக இருக்கலாம்.

## அறிகுறி 5: தட்டில் பாதிப் பல்பு மட்டும் எரிகிறது

அடி, லைட்டின் உலோக உடம்பிலிருந்து பல்புத் தட்டுக்குத் தாவியிருக்கிறது. தட்டைத் திறந்தால் ஏதோ ஒரு பல்பில் ஊசி முனையளவு கறுப்புப் புள்ளி தெரியும். ஒரு பல்பைத் தாண்டிக் குறுக்கு வயர் ஒட்டி எரிய வைப்பதைச் செய்யாதீர்கள். மிச்சப் பல்புகளுக்குப் பாரம் கூடி வரிசையாகச் சாகும். தட்டை மாற்றுங்கள், அல்லது லைட்டை மாற்றுங்கள். மாற்றும் முன் உடம்புக்குப் பச்சை மஞ்சள் எர்த் வயர் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த அறிகுறி உள்ள லைட்டுகளில் அநேகமாக அந்த வயர் வெட்டி மடக்கி உள்ளே விடப்பட்டிருக்கும்.

## அறிகுறி 6: கம்பத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது

உடனே மெயினை அணையுங்கள். கம்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டி யாரையும் நெருங்க விடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

காரணம் இரண்டில் ஒன்று. லைவ் வயர் உரசி உடம்பைத் தொடுகிறது. இது உயிரை எடுக்கும். அல்லது லைட்டுக்கு எர்த் இல்லை. ட்ரைவரின் கசிவால் உடம்பு ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கிறது, கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. கை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, முயலவும் கூடாது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை கரண்ட் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது காரணமாகவே இருந்தாலும், எர்த் இல்லாத லைட்டுக்கு முன்னால் மாட்டிய அரெஸ்டர், அடியை எங்கே கொண்டுபோய் இறக்கும்?

## அறிகுறி 7: சில லைட் கண்ணைக் கூசுகிறது, சில மங்குகிறது

மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. ஒரு பக்கம் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறலாம், 400 வரையும் போகலாம். லைட், டீவி, பிரிட்ஜ் எல்லாம் சில நிமிடத்தில் போகும். அரெஸ்டர் இதற்கு உதவாது. மைக்ரோ விநாடிக் கணக்கில் வரும் அடியை விழுங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நிமிடக் கணக்கில் 300 வோல்ட் நின்றால் அதுவே சூடேறித் தீப்பிடிக்கலாம். மெயினை அணைத்துவிட்டு மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அறிவியுங்கள். உங்கள் போர்ட்டுக்குள்ளே பிழை என்றால் எலக்ட்ரீஷியன். இதில் நீங்களாகச் செய்ய ஒன்றுமில்லை.

## அறிகுறி 8: அரெஸ்டரில் பச்சை போய்ச் சிவப்பு வந்துவிட்டது

அது தன் உயிரைக் கொடுத்து லைட்டைக் காப்பாற்றியிருக்கிறது. லைட் எரிகிறதே என்று விடாதீர்கள், அடுத்த இடிக்குக் காவல் இல்லை. கழற்றும் கார்ட்ரிட்ஜ் உள்ள வகையாக இருந்தால் அதே மாதிரிக் கார்ட்ரிட்ஜை மட்டும் வாங்கிச் செருகலாம், மெயினை அணைத்துவிட்டுத்தான்.

பச்சை இருக்கிறது, ஆனால் அரெஸ்டருக்கு முன்னால் உள்ள பிரேக்கர் விழுந்திருக்கிறது என்றால் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் அரெஸ்டர் முடிந்தது. இடியே இல்லாமல் சிவப்பு வந்தால் வோல்ட்டைச் சந்தேகியுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: மெயின் போர்ட்டுக்கு டைப் 2, தொடர்ந்து தாங்கும் வோல்ட் குறைந்தது 275, வோல்ட் ஏறி இறங்கும் இடத்தில் 320. கோபுரத்திலோ ஸ்டோர் கூரையிலோ இடிதாங்கி இருந்தால் டைப் 2 மட்டும் போதாது, மெயினில், இடியின் நேரடிக் கரண்டைத் தாங்கும் டைப் 1 வேண்டும். நம் வீடுகளில் எர்த் ரொட் (மண்ணில் அடித்து இறக்கும் உலோகக் கம்பி) நம்முடைய சொந்த ரொட்தான், மின்சார சபை தருவதல்ல. அதனால் ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் மாட்டும் அரெஸ்டர், லைவிலிருந்து நியூட்ரலுக்கும், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் என்று இரண்டு படியாக இணையும் வகையாக இருக்க வேண்டும். ஒற்றை ஃபேஸுக்கு 1+1, மூன்று ஃபேஸுக்கு 3+1 என்று கேளுங்கள். மெயின் போர்ட் வேலை என்பதால், என்.வி.கியூ. (தேசியத் தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள்.

## அறிகுறி 9: மாற்றிய லைட் அடுத்த இடியிலேயே மறுபடி போகிறது

அதிகக் காசு வீணாவது இங்கேதான். ஒரு தோட்டத்துக் கோயிலில் மூன்று வருடத்தில் நான்கு தடவை கோபுர லைட்டை மாற்றியிருந்தார்கள். அரெஸ்டரும் இருந்தது, பச்சையாகவே இருந்தது. எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரின் அடியில், கரும்பாறை இடுக்கில், ரொட் முழங்கை நீளம்கூட இறங்கவில்லை. பாறையில் முட்டியதும் மேல்பாதியை அறுத்துவிட்டு சிமெந்து பூசியிருந்தார்கள். அரெஸ்டர் தன் வேலையைச் செய்யத் தயாராகத்தான் இருந்தது, அடியை வாங்கிக்கொள்ள மண் இல்லை.

சோதனைகள் இந்த வரிசையில்:

முதலில் கண். போர்ட்டிலிருந்து ரொட் வரை எர்த் கம்பி முறியாமல் போகிறதா? கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா? ஆடு மாடு கட்டி, புல் வெட்டி, பாதியில் அறுந்திருக்கிறதா? கிளாம்பைச் சுரண்டி இறுக்குவதற்குக் காசு செலவில்லை.

அடுத்து அரெஸ்டரின் வயர் நீளம். லைனிலிருந்து அரெஸ்டருக்கும், அங்கிருந்து எர்த் கட்டைக்கும் போகும் வயர் மொத்தம் 50 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடியின் வேகத்துக்கு, நேரான வயரே மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வோல்ட்டைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். அது அப்படியே உங்கள் லைட்டின் தலையில் விழும். மிச்ச வயரை அழகாகச் சுருட்டி போர்ட்டுக்குள் வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வெட்டுங்கள், நேராக்குங்கள்.

மூன்றாவது தூரம். போர்ட்டில் உள்ள அரெஸ்டர் சுமார் 10 மீட்டருக்குள் இருப்பதைத்தான் நன்றாகக் காக்கும். தேயிலைக்கு மேலே 100 மீட்டர் வயர் இழுத்து மடுவத்தில் லைட் போட்டிருந்தால், அந்த வயரே வானத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு வரும். லைட்டின் கம்பத்திலும் 10 கிலோவோல்ட் சின்ன அரெஸ்டர் ஒன்று வேண்டும். கம்பத்துக்குத் தனி ரொட் அடித்திருந்தால், அதை மெயின் எர்த்தோடு கம்பியால் இணைக்க வேண்டும். இரண்டு ரொட் இரண்டு விதமாக நின்றால், இடி விழும் கணத்தில் அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் முழுவதும் ட்ரைவர் வழியாகத்தான் பாயும்.

கடைசியாக எர்த்தின் ஓம் அளவு. "ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் விழுகிறதே, எர்த் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அந்தப் பொத்தான் எர்த்தைத் தொடுவதே இல்லை; ரொட்டைப் பிடுங்கி எறிந்தாலும் விழும். லைவுக்கும் எர்த்துக்கும் பல்பு மாட்டிப் பார்க்கும் பழைய வழக்கமும் வேண்டாம். எர்த் கெட்டிருந்தால், எர்த் கட்டிய எல்லா இரும்பிலும் அந்த நேரம் கரண்ட் ஏறும். எர்த் டெஸ்டர் உள்ளவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். இடிக்கு 10 ஓமுக்குள் இருப்பது நல்லது.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, மேல்மண் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் மோசமாகும். அந்த நிலைமையில்தான் மார்ச் கடைசி இடி வந்து இறங்குகிறது. ஜூன் மழையில் அளந்து 8 ஓம் என்று எழுதி வைத்த எர்த், மார்ச்சில் எங்கேயோ நிற்கும். காய்ந்த மாதத்தில் அளந்ததை மட்டும் நம்புங்கள்.

அளவு கூடுதலாக வந்தால் ரொட் இறங்கும் வேறு இடம் தேடுங்கள். கானுக்கு (வடிகால்) பக்கத்தில், வாழை நிற்கும் ஈர மண்ணில் இறங்கும். ஒரு ரொட் போதாவிட்டால் இரண்டாவது. இரண்டுக்கும் இடைவெளி ரொட்டின் நீளத்துக்குக் குறையக் கூடாது. எங்கே அடித்தாலும் பாறை என்றால், முழங்கால் ஆழத்துக்கு நீண்ட கான் வெட்டி, செம்புப் பட்டியைப் படுக்க வைத்து மண் மூடலாம், பென்டனைட் களி போட்டால் இன்னும் இறங்கும். உப்பும் கரியும் கொட்டுவார்கள். நம் மழை உப்பைச் சில பருவத்தில் கரைத்துவிடும், கம்பியையும் அரித்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும், இடி நேராக லைட்டின் மேலேயே விழுந்தால் எந்த அரெஸ்டரும் அந்த லைட்டைக் காப்பாற்றாது. மேட்டின் உச்சியில் தனியாக நிற்கும் கம்பத்துக்கு அப்படி நடந்தால், இடிதாங்கி வடிவமைக்கத் தெரிந்த பொறியியலாளரைத்தான் அழைக்க வேண்டும். அந்தக் கோயிலில் கான் பக்கம் இரண்டு ரொட் இறக்கி, அரெஸ்டர் வயரை ஒரு சாண் அளவுக்குக் குறைத்தோம். மாட்டிய திகதியையும் ஓம் அளவையும் போர்ட் மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தேன். ஒவ்வொரு பெப்ரவரியும் அதற்குக் கீழே ஒரு வரி சேர்கிறது.